தோலிலிருந்து தொடங்கிய அறிவியல்

சேலத்திலிருந்து குப்பனூர் வழியாகவும் ஏற்காடு ஏறலாம். அந்தக் குப்பனூரில் பி.எஸ்சி. உயிரித்தொழில்நுட்பம் படிக்கும் தங்கை ஒருத்தி போன மாதம் கேட்டாள்: "அக்கா, எங்க தாத்தா செருப்பு தைச்சவரு. உனக்கெதுக்கு ஆராய்ச்சின்னு காலேஜ்ல கேட்கிறாங்க. என்ன பதில் சொல்ல?"

வரலாறே பதில் சொல்கிறது.

1952-இல் ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்தார். கொலாஜனின் வடிவம் இன்னும் பிடிபடவில்லை என்று அவரிடம் சொன்னவர், சென்னைக்கு வந்திருந்த விஞ்ஞானி ஜே.டி. பெர்னால். கொலாஜன், தோலுக்கு உறுதி தரும் புரதம். அதன் மாதிரி தேடி ராமச்சந்திரன் போன இடம் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து கங்காரு வால் தசைநாணும் வந்தது. 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, கொலாஜன் மூன்று சங்கிலிகளால் ஆனது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார். அடுத்த ஆண்டு, அவை ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கும் மாதிரியை முன்வைத்தார். இந்திய மூலக்கூறு உயிரியலின் பெருமைமிக்க தொடக்கங்களில் ஒன்று இது.

1948-இல் தோலுக்கென்று ஒரு நிலையம் சென்னையில் ஏன் அமைந்தது? தோல் இங்கே பெரிய ஏற்றுமதித் தொழில். செத்த மாட்டை உரித்து, சுண்ணாம்பில் ஊறவைத்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதனிட்ட கைகளில் பெரும்பாலானவை நம்முடையவை. பட்டையின் துவர்ப்பு கொலாஜன் இழைகளைப் பிணைப்பதால்தான் தோல் அழுகுவதில்லை. அந்தப் பக்குவம் கைகளுக்குத் தலைமுறைகளாகத் தெரியும். சேரியில் அதற்குப் பெயர் தீட்டு. ஆய்வகத்துக்குள் போனதும் அறிவியல்.

2009-இல் அருந்ததியர் உள்ஒதுக்கீடு வந்தது. கல்லூரி இடம் கிடைத்தது, ஆய்வக மேசை கிடைக்கவில்லை. அந்தத் தங்கை பிசிஆர் இயந்திரத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறாள். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குத் தனியார் ஆய்வகத்தில் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டினால் சான்றிதழ் வரும், கைப்பழக்கம் வராது. இளம் விஞ்ஞானிகளுக்கென 1999-இல் தொடங்கி 2022-இல் இன்ஸ்பையர் திட்டத்தோடு இணைக்கப்பட்ட கேவிபிஒய் தேர்வும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் நடந்தது. தமிழ்வழியில் படித்த பிள்ளை வாசலிலேயே நின்றுவிட்டது.

தோழர்களே, இளங்கலையிலேயே பைப்பெட் பிடித்தவருக்கு முதுகலையும் முனைவர் பட்டமும் எட்டும். அதனால் உங்கள் கல்லூரியில் இதைக் கேளுங்கள்: இளங்கலை ஆய்வகங்களை வலுப்படுத்தும் மத்திய அரசின் ஸ்டார் கல்லூரித் திட்ட நிதி வந்ததா? வந்த கருவியை யார் தொடுகிறார்கள்? அறிவியல் அகாடமிகள் ஆண்டுதோறும் கோடைகால ஆய்வு உதவித்தொகை தருகின்றன. அதற்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். துணிந்து கேளுங்கள். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

தங்கைக்கு நான் சொன்னது இதுதான்: "உங்க தாத்தா கையில இருந்ததும் கொலாஜன்தான். அதுக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்கிற உரிமை உனக்கு இருக்கு."

ஜெய்பீம்.