கதவைத் திறக்க முன் பார்த்த தாதி

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் களவு போனது. எதிர்வீட்டில் கெமரா இருக்கிறதே என்று ஓடினோம். களவு நடந்த நாளைத் தேடினால் ஒன்றுமில்லை. ரெக்கோடருக்குள் இருக்கும் சின்ன பற்றரி செத்திருக்கிறது. கரண்ட் போய் வந்ததும் திகதி 2000 ஜனவரிக்குப் போய்விட்டது. விஷயம் விளங்குவதற்குள் பழைய பதிவுக்கு மேல் புதியது ஏறிவிட்டது.

இந்த வீட்டுக் கெமராவைக் கண்டுபிடித்தவர் ஒரு தாதி. நியூயோர்க்கின் ஜமைக்கா பகுதியில் (தீவல்ல, குவீன்ஸில் உள்ள ஊர்) வாழ்ந்த கறுப்பினப் பெண், மேரி வான் பிரிட்டன் பிரவுண். இரவில் தனியே இருப்பார், பொலிஸ் வருவதும் தாமதம். இலத்திரனியல் தெரிந்த கணவர் அல்பர்ட்டுடன் சேர்ந்து 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969 டிசம்பரில் கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரத்தில் நான்கு துளைகள். நெட்டையானவரோ சிறுபிள்ளையோ, கெமரா மேலும் கீழும் நகர்ந்து காட்டும். படம் படுக்கையறைத் திரைக்கு வரும். வந்தவரோடு பேசலாம். ஒரு பொத்தானில் கதவு திறக்கும், இன்னொன்றில் அபாய அறிவிப்பு போகும். இன்றைய வைஃபை அழைப்பு மணி செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

அவர் யோசித்தது கதவைத் திறக்க முன். நாமோ களவு போன பிறகுதான் கெமராவைத் தேடுகிறோம். ஆண்கள் வெளிநாட்டில், உம்மாவும் பிள்ளைகளும் தனியே இருக்கும் வீடென்றால், நாலு கெமராவை விட பேசக்கூடிய ஒரு மணியே முதலில் தேவை என்பேன். எதை வாங்கினாலும் கிழமைக்கு ஒருமுறை நேற்றைய இரவைப் போட்டுப் பாருங்கள்.

எதிர்வீட்டில் பற்றரி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். தெளிவாகத் தெரிந்தது எங்கள் வீட்டு முற்றம். கொஞ்சம் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.