குரோட்டன்: வாகையும் வரலாறும்

தென் இத்தாலியின் கீழைக் கடற்கரையில் இன்று குரோத்தோனே என வழங்கும் நகரம், பண்டைக் காலத்தில் குரோட்டன் எனப் பெயர் பெற்றிருந்தது. கி.மு. 710 அளவில், கிரேக்கத்தின் அக்கேயப் பகுதியிலிருந்து கடல் கடந்து வந்தோர் இதனை நிறுவினர். கணித மேதை பிதாகரஸ் தம் மாணவர் குழாத்துடன் வாழ்ந்த ஊரும் இதுவே. எனினும், இந்நகரின் பெயரை நாடெங்கும் பரப்பியவர்கள் அதன் விளையாட்டு வீரர்களே ஆவர். ஒலிம்பியா ஓட்டப் போட்டி ஒன்றில் முதல் ஏழு இடங்களையும் குரோட்டன் வீரரே பெற்றனர் என்கிறார் ஸ்ட்ராபோ. குரோட்டனின் கடைசி வீரன் ஏனைய கிரேக்கருள் முதல்வன் என்னும் பழமொழியும் எழுந்தது.

இவ்வீரருள் தலைசிறந்தவன் மிலோ. கி.மு. 540இல் சிறுவர் மற்போரில் வென்ற அவன், கி.மு. 532 முதல் 516 வரை ஐந்து ஒலிம்பியாக்களில் தொடர்ந்து வாகை சூடினான். கி.மு. 510இல் குரோட்டன் படை, செல்வச் செழிப்பு மிக்க அண்டை நகரான சைபாரிசை அழித்தது. அப்போரில் மிலோ தன் வெற்றி முடிகளை அணிந்தவாறே படை நடத்தினான் என்பர். ஆடுகளத்து வாகை போர்க்களத்துச் செருக்காக மாறிய தருணம் அது.

வெற்றியைத் தன் உடைமையாகவே கருதியது அந்நகரம். கி.மு. 488இல் ஒலிம்பியா ஓட்டத்தில் வென்ற அஸ்டிலோஸ், அடுத்த இரு விழாக்களிலும் வென்றான். ஆயின், தன்னைச் சிராக்கூசு நகரத்தான் என அறிவித்துக்கொண்டான். சினங்கொண்ட குரோட்டன் மக்கள் ஹீரா கோயிலில் நின்ற அவன் சிலையை வீழ்த்தினர். அவன் இல்லத்தைச் சிறைக்கூடமாக்கினர். சிமோனிடிஸ் போன்ற பெரும்புலவர் பாடிய வீரனுக்கும் சொந்த ஊரில் இடமில்லாது போயிற்று.

அவன் காலத்தவனே பாயில்லோஸ். பைத்திய விளையாட்டுகளில் மும்முறை வென்ற அவன் ஒலிம்பியாவில் வென்றதில்லை. ஆனால், கி.மு. 480இல் பாரசீகப் பெரும்படை கிரேக்கத்தைச் சூழ்ந்தபோது, இத்தாலியக் கிரேக்கருள் வேறு எவரும் உதவிக்கு வரவில்லை. பாயில்லோஸ் மட்டுமே தன் செலவில் ஒரு கப்பலைச் சித்தப்படுத்திச் சலாமிசுக் கடற்போருக்கு விரைந்தான். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், கி.மு. 331இல் பாரசீகரை வென்ற அலெக்சாந்தர், அந்த ஒற்றைக் கப்பலை நினைந்து, கொள்ளைப் பொருளில் ஒரு பங்கைக் குரோட்டனுக்கு அனுப்பினான் எனப் புளூடார்க் எழுதுகிறார்.

அஸ்டிலோசின் சிலை நின்ற ஹீரா கோயிலில் இன்று எஞ்சியிருப்பது கடலை நோக்கி நிற்கும் ஒரே ஒரு தூண். ஒலிம்பியாவில் சூடிய ஒலிவ இலை முடிகள் உதிர்ந்துபோயின. பிறர் துயர் துடைக்கச் சென்ற ஒரு கப்பலை மட்டும் வரலாறு மறக்கவில்லை.