மணல் காத்த ஓவியங்கள்

சீன நாட்டின் வடமேற்கே, பாலைவனத்தின் நடுவே, துன்குவாங் என்னும் பழைய நகர் அமைந்துள்ளது. பட்டு வழியில் மேற்கு நோக்கிச் சென்ற வணிகச் சாத்துக்கள் நீரும் நிழலும் பெற்று இளைப்பாறிய இடம் அது. அதற்கப்பால் வழி இரண்டாகப் பிரிந்து, தக்ளமக்கான் பாலைவனத்தை வடக்கிலும் தெற்கிலும் சுற்றிச் சென்றது. அவ்வழியிற் போனவர் அனைவரும் மீண்டு வந்தாரல்லர். அவ்வச்சமும் வேண்டுதலுமே நகருக்கு அருகிலுள்ள மோகாவோக் குகைக் கோயில்களை வளர்த்தன.

கி. பி. 366 ஆம் ஆண்டில் லெசுன் என்னும் துறவி, ஆயிரம் புத்தர்கள் பொன்னொளியில் தோன்றக் கண்டு, முதற் குகையைக் குடைந்தார் எனப் பழைய கல்வெட்டொன்று கூறுகின்றது. அப்பணி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் தொடர்ந்தது. ஓவியமோ சிலையோ உள்ள குகைகள் 492. சுவரோவியங்களின் பரப்பு 45,000 சதுர மீற்றர். கூழாங்கல் செறிந்த அப்பாறை நுண்ணிய செதுக்கு வேலைக்கு இணங்காதது. ஆதலின், வைக்கோல் கலந்த களிமண்ணைச் சுவரிற் பூசி, அதன்மேல் வண்ணந் தீட்டினர். ஆப்கானிஸ்தானத்து மலைகளிலிருந்து வந்த இராசவர்த்தம் என்னும் நீலநிறக் கல்லும் அவ்வண்ணங்களுள் ஒன்றாயிற்று. வாணிகம் சென்ற வழியிலேயே வண்ணமும் வந்தது.

பொருளுதவியோரின் உருவங்கள் சுவர்களின் அடிப்பகுதியில் வரிசையாகத் தீட்டப்பெற்றுள்ளன. அரசர், அதிகாரிகள், வணிகர், துறவிகள், இல்லறப் பெண்டிர் எனப் பலரும் அவர்களுள் உளர். 45 ஆம் குகையில், வாளேந்திய கள்வர் வழிமறிக்க, தாடியுடைய அயல்நாட்டு வணிகர் கைகூப்பி நிற்கின்றனர். பின்னே பொதி சுமந்த கழுதைகள். அவலோகிதேசுவரரை நினைத்தவர் இடர் நீங்குவர் என்பது அவ்வோவியத்தின் பொருள். பாலை வழி சென்றவர்க்கு அது வெறுங்கதையன்று.

11 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்ட சிற்றறையொன்றை, 1900 இல் வாங் யுவான்லு என்னும் தாவோ சமயத் துறவி கண்டறிந்தார். பல்லாயிரம் ஏட்டுச் சுருள்கள் அங்கே குவிந்து கிடந்தன. 1907 இல் ஓரெல் ஸ்டைனும் 1908 இல் போல் பெலியோவும் சிறு தொகை கொடுத்து அவற்றுட் பெரும்பகுதியைக் கொண்டு சென்றனர். 868 ஆம் ஆண்டில் அச்சிடப்பெற்ற வச்சிர சூத்திரம் இவ்வாறே இலண்டனை அடைந்தது.

ஏடு இடம்பெயர்ந்தாலும் ஏடாகவே இருக்கும். சுவரோவியமோ சுவரோடு பிறந்தது. அதே பட்டு வழியில், துர்பானுக்கு அருகிலுள்ள பெசெக்லிக் குகைகளின் ஓவியங்களை யேர்மனிய ஆய்வாளர் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறுத்தெடுத்து, பேர்லின் அருங்காட்சியகத்திற்குக் கொண்டு சென்றனர். அவற்றுட் பெரியவை அங்குள்ள சுவர்களில் அசையாவண்ணம் பதிக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் குண்டுகள் விழுந்தபோது அவற்றை அகற்ற இயலவில்லை. நூற்றாண்டுகள் பலவற்றைப் பாலைவனத்திற் கடந்த ஓவியங்கள், நகரத்தில் ஐம்பது ஆண்டுகள் நிறையுமுன் அழிந்தன.

மோகாவோவும் ஊறுபடாது தப்பவில்லை. 1921 அளவில் அங்கே தங்கவைக்கப்பட்ட உருசியப் படையினரின் அடுப்புப் புகை சில சுவர்களைக் கருமையாக்கிற்று. 1944 இல் காப்பு நிறுவனம் அமைந்தபின்னரே முறையான பேணுகை தொடங்கிற்று. 1987 இல் குகைகள் உலக மரபுரிமைச் சின்னமாயின. காண வருவோரின் மூச்சிலுள்ள ஈரம் சுவரில் உறங்கும் உப்பைக் கரைத்து ஓவியத்தைப் பெயர்க்க வல்லது. ஆதலால், நாளொன்றுக்கு உள்ளே செல்வோர் தொகை இன்று வரையறுக்கப்பட்டுள்ளது. வறண்ட காற்றும் மணலும் இத்துணைக் காலம் செய்த காவலை இனி மனிதரே செய்தல் வேண்டும்.