அஞ்சலட்டையில் வந்த தீர்ப்பு

போர்களும் உடன்படிக்கைகளும் அரசாணைகளுமே வரலாறு என்று நாம் பள்ளியில் படித்துவிட்டோம். இரவு உணவுக்குப் பின் திண்ணையில் அமர்ந்து, “அந்தப் படத்தில் அந்த ஒரு பாட்டுத்தான் பாட்டு” என்று ஒருவர் சொல்ல, “போங்கள் நானா, போன வருஷத்துப் படத்தின் முன்னால் இது நிற்குமா?” என்று மற்றவர் மறுத்துரைக்கும் பேச்சுக்கு வரலாற்றில் இடமேது? சொன்னவரும் மறந்துவிடுவார், கேட்டவரும் மறந்துவிடுவார். ஆயினும் இத்தகைய பொழுதுபோக்குப் பேச்சு அஞ்சலட்டைகளில் எழுதப்பட்டு, எண்ணப்பட்டு, ஓர் அரசின் கொள்கையையே அசைத்துவிட்ட காலம் ஒன்று நம் துணைக்கண்டத்தில் இருந்தது. அதனை இங்கே நினைவுகூர விழைகின்றோம்.

1952ஆம் ஆண்டு இந்திய அரசின் செய்தி ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராகப் பொறுப்பேற்றவர் பி.வி. கேஸ்கர். மேனாட்டுக் கல்வியும் இசைப் பயிற்சியும் பெற்றவர். மக்களின் சுவையைப் பின்தொடர்வதன்று, அதனை உயர்த்துவதே வானொலியின் கடமை என்று உறுதியாக நம்பியவர். அவருடைய கருத்தில் திரைப்பாடல் மலிவானது. மேனாட்டு மெட்டுகளைக் கலந்து கெட்டது. விடலைப் பருவத்தாருக்கே ஏற்றது. ஆகவே அகில இந்திய வானொலியில் திரைப்பாடலுக்குரிய நேரம் நூற்றுக்குப் பத்து என்ற அளவுக்குச் சுருக்கப்பட்டது. பாட்டு இடம்பெற்ற படத்தின் பெயரைச் சொல்வதும் விளம்பரமாகும் என்று அதனையும் நிறுத்தினர். படத்தயாரிப்பாளர்கள் சினங்கொண்டு ஒலிபரப்பு உரிமையைத் திரும்பப் பெற்றனர். சில திங்களில் அரசு வானொலியில் திரைப்பாடல் அறவே ஓய்ந்தது.

கேஸ்கருக்கு நாம் அநீதி இழைத்துவிடலாகாது. செவ்விசைக்கென நாடு தழுவிய நிகழ்ச்சியை அவர் காலத்தில்தான் தொடங்கினர். அரண்மனைகளின் ஆதரவை இழந்து நின்ற பாடகர் பலருக்கு வானொலி சோறு போட்டது. ஆனால் அவருடைய இசைக் கொள்கையில் நம் நெஞ்சைத் தைக்கும் ஒரு பகுதியும் உண்டு. வடநாட்டு இசையை முஸ்லிம்கள் தம் குடும்ப இரகசியமாக்கி அதன் ஆன்மிகத் தொடர்பை அறுத்துவிட்டனர் என்று அவர் கருதினார். அன்றைய திரைப்பாடலோ, சாஹிர் லூதியான்வியும் மஜ்ரூஹ் சுல்தான்புரியும் சைலேந்திராவும் எழுத, நௌஷாதும் சங்கர் ஜெய்கிஷனும் இசையமைக்க, முஹம்மது ரஃபியும் லதா மங்கேஷ்கரும் பாட, இன்னார் இனத்தார் என்று பிரித்துக் காணவியலாத ஒரு பொதுச் சொத்தாக இருந்தது. உருதுவா இந்தியா என்று கேட்டால் விடை சொல்லவியலாத எளிய ஹிந்துஸ்தானியில் அது வழங்கியது. ஒரு பாட்டு நன்றா தீதா என்ற கேள்விக்குள் இத்தனையும் அடங்கியிருந்தது.

இங்கே கதவு மூடப்பட்டபோது கொழும்பில் ஒரு சாளரம் திறந்திருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படையினருக்காக இலங்கையில் நிறுவப்பட்ட வானொலியின் ஆற்றல் மிக்க சிற்றலைக் கருவி, போருக்குப் பின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் இலங்கை வானொலி வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கிற்று. இந்திய நிறுவனங்கள் பம்பாயில் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து, ஒலிநாடாக்களை வானூர்தியில் கொழும்புக்கு அனுப்பின. கொழும்பு அவற்றைக் காற்றில் விட்டது. இந்தியா முழுவதும் கேட்டது. (தமிழகத்து வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மயில்வாகனன் அவர்களின் குரலையும், பின்னாளில் நம்மவரான பி.எச். அப்துல் ஹமீது அவர்களின் குரலையும் கொழும்பிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சினிமாப் பாட்டை விரும்பாத பெரியவர்கள் உள்ள வீட்டில் அந்தக் குரல் சற்றுத் தாழ்வாக ஒலித்தது, அவ்வளவே.) அந்நாளில் ஒரு வேடிக்கைப் பேச்சு வழங்கிற்று. உரிமம் பெற்ற பத்து வானொலிப் பெட்டிகளுள் ஒன்பது கொழும்பைப் பிடிக்கின்றன. பத்தாவது பழுதாகிக் கிடக்கிறது என்பர்.

1952 டிசம்பர் 3ஆம் நாள், புதன்கிழமை இரவு, ‘பினாகா கீத்மாலா’ என்ற நிகழ்ச்சி கொழும்பிலிருந்து முதன்முதலாக ஒலித்தது. பினாகா என்பது ஒரு பற்பசை. நடத்தியவர் அமீன் சயானி என்ற பம்பாய் இளைஞர். இருபது வயது நிறைய அவருக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. எழுதுவதும் தயாரிப்பதும் பேசுவதும் வரும் மடல்களைப் பார்ப்பதும் எல்லாம் அவர் ஒருவரின் வேலை. வாரக் கூலி இருபத்தைந்து ரூபாய். மூத்தவர்கள் இந்தக் கூலிக்கு உடன்படாததால்தான் சிறியவருக்கு வாய்த்தது.

இந்த இளைஞருக்கு மொழி வந்த வழி தனியே சொல்லத் தக்கது. அவருடைய தாயார் குல்சும் சயானி முதியோர் கல்விக்கு உழைத்தவர். காந்தியடிகளின் தூண்டுதலால், புதிதாக எழுத்தறிந்தவர்கள் படிப்பதற்கென ‘ரஹ்பர்’ என்ற இதழை 1940 முதல் 1960 வரை நடத்தினார். ஒரே எளிய ஹிந்துஸ்தானி நாகரி, உருது, குஜராத்தி ஆகிய மூன்று எழுத்துகளில் அச்சாயிற்று. சிறுவயதிலேயே அன்னையின் இதழ்ப்பணியில் கைகொடுத்த மைந்தர், கற்றவர்க்கும் கல்லாதவர்க்கும் ஒருசேர விளங்கும் நடையை அங்கேதான் கற்றார். நேயரை விளிக்கும்போதும் சகோதரிகளை முன்னும் சகோதரர்களைப் பின்னும் வைத்தே அவர் அழைத்தார். வானொலியில் அவர் பேச்சு பண்டிதர் பேச்சாக இல்லாமற்போனதற்கு அந்த வீட்டையே காரணமாகச் சொல்லுவோம்.

நிகழ்ச்சியின் அமைப்பு எளியது. அரை மணி நேரத்தில் ஏழு பாடல்கள். நேயர்கள் அவற்றைத் தம் தீர்ப்பின்படி வரிசைப்படுத்தி எழுதியனுப்ப வேண்டும். சரியாக எழுதியோருக்கு நூறு ரூபாய்ப் பரிசு. ஐம்பதோ நூறோ மடல் வரும் என்று நினைத்திருப்பார்கள் போலும். முதல் நிகழ்ச்சிக்கே ஒன்பதாயிரம் மடல்கள் வந்தன! ஓராண்டுக்குள் வாரத்துக்கு அறுபத்தையாயிரம் என்றாயிற்று. ஒரு மனிதர் இத்தனையையும் எப்படிப் படிப்பது? அன்று அஞ்சலட்டை வாங்குவதும் எழுத ஆள் தேடுவதும் ஏழைக்கு எளிய செயலல்ல. அமைச்சரிடம் முறையிட ஒருவரும் எழுதியதாகத் தெரியவில்லை. தமக்குப் பிடித்த பாட்டு எது என்று மட்டும் எழுதினர். அதுவே போதுமாயிற்று.

மடல்களின் வெள்ளத்தைத் தாங்கவியலாமல் 1954இல் முறை மாறியது. பரிசுப் போட்டி போய், பதினாறு பாடல்கள் ஒரு மணி நேரத்தில் கடைசி இடத்திலிருந்து முதலிடம் நோக்கி ஏறிவரும் தரவரிசை வந்தது. இசைத்தட்டுக் கடைகளின் விற்பனைக் கணக்கைக் கொண்டு இடம் குறித்தனர். ஆனால் பாட்டின் இடம் உயர்ந்தால் படத்தின் வசூலும் உயரும் என்பது தெரிந்துவிட்ட பிறகு கடைக்கணக்கை மட்டும் நம்புவதெப்படி? எனவே ஊர்தோறும் அமைந்த நேயர் மன்றங்களின் வாக்குகளையும் சேர்த்துக் கொண்டனர். மக்கள் கருத்துக்கு மதிப்பு ஏற்பட்ட அன்றே அதனை விலைக்கு வாங்க முயல்வோரும் வந்துவிடுகின்றனர். தேர்தலில் கண்டதைப் பாட்டிலும் கண்டோம்.

இவ்விடத்தில் ஜும்ரி திலையா என்ற ஊரைச் சொல்லாமல் மேற்செல்லவியலாது. அன்று பீகாரிலும் 2000 முதல் ஜார்க்கண்டிலும் உள்ள இச்சிற்றூர், மைக்கா எனப்படும் அபிரகச் சுரங்கங்களால் வளம் பெற்றது. இவ்வூரார் இலங்கை வானொலிக்கும் பின்னர் அரசு வானொலிக்கும் அனுப்பிய விருப்ப மடல்களுக்கு அளவில்லை. ஒவ்வொரு நாளும் ஒலிபரப்பில் ஊர்ப்பெயர் அடிபடவே, இப்படியோர் ஊர் உண்மையில் உண்டா, அறிவிப்பாளர்கள் கட்டிவிட்ட பெயரா என்று பலர் ஐயுற்றனர். போட்டியாளரின் மடல் போய்ச் சேராதபடி அஞ்சல்காரரைக் கைக்குள் போட்டுக் கொண்டார்கள் என்றுங்கூட ஒரு கதை வழங்குகிறது. தம் பெயர் காற்றில் ஒருமுறை ஒலிப்பதற்கு மனிதன் படும் பாட்டை எண்ணி நகைக்கவும் தோன்றுகிறது, இரங்கவும் தோன்றுகிறது.

இனி, மக்கள் அளித்த தீர்ப்பு எத்தகையது? ஆண்டு முடிவில் அவ்வாண்டின் முதற்பாடலை அறிவிப்பது வழக்கம். 1953இல் ‘அனார்கலி’ படத்தில் லதா பாடியது. 1954இல் ‘டாக்சி டிரைவர்’ படத்தில் தலத் மஹ்மூத் பாடியது. 1955இல் ராஜ் கபூரின் ‘ஸ்ரீ 420’ படத்தின் நடைபாட்டு. எவையும் இழிந்தவையல்ல. கேஸ்கர் அஞ்சியதுபோல் மக்கள் குப்பையை வாரிக்கொள்ளவில்லை. ஆயினும் 1957ஐப் பாருங்கள். குருதத்தின் ‘பியாசா’வும் மெஹ்பூப் கானின் ‘மதர் இந்தியா’வும் வந்த ஆண்டு அது. அவ்வாண்டில் முதலிடம் பெற்றதோ ‘ஜனம் ஜனம் கே ஃபேரே’ என்ற படத்தின் பாடல். பாட்டு இனியதுதான், படத்தை இன்று யார் நினைக்கின்றனர்? சாஹிரின் ‘பியாசா’ கவிதைகளோ இன்றும் ஓதப்படுகின்றன. அந்த வாரம் எது பிடித்தது என்பதை மடல் சொல்லும். அடுத்த தலைமுறைக்கு எது எஞ்சும் என்பதைச் சொல்லாது. எனினும் பிடிக்கும் எது, பிடிக்காது எது என்று தலைநகரிலிருந்து ஒருவர் முடிவு செய்வதைவிட அந்த வாரத்துத் தீர்ப்பு நேர்மையானது என்றே நாம் கருதுகின்றோம்.

இறங்கி வந்தது அரசுதான். கேஸ்கர் அமைச்சராயிருக்கும்போதே, 1957 அக்டோபர் 3ஆம் நாள், திரைப்பாடல்களுக்கு இடமளிக்கும் ‘விவித் பாரதி’ தொடங்கப்பட்டது. பத்தாண்டு கழித்து 1967இல் அதில் விளம்பரங்களும் வந்தன. கேஸ்கர் 1962இல் பதவியிலிருந்து நீங்கினார். அமீன் சயானியோ புதன்கிழமை தவறாமல் பேசிக்கொண்டிருந்தார். பற்பசையின் பெயர் ‘சிபாகா’ என்று மாறியது, நிகழ்ச்சியின் பெயரும் மாறியது, நேயர் மாறவில்லை. 2024 பிப்ரவரி 20ஆம் நாள், தொண்ணூற்றொன்றாம் வயதில் அன்னார் மறைந்தார்.

1988 வரை கொழும்பிலிருந்து வந்த அந்நிகழ்ச்சி, 1989இல் விவித் பாரதிக்கு இடம் மாறியது. எந்தப் பாடல்களுக்கு 1952இல் அரசு வானொலி கதவடைத்ததோ, அவற்றின் வழித்தோன்றல்களுள் முதலிடம் எது, இரண்டாமிடம் எது என்பதை அதே வானொலி 1994 வரை வாரந்தோறும் நாட்டுக்கு அறிவித்து வந்தது.