சாவடி

கடலூரில் சாவடி என்றொரு பகுதி உண்டு. அப்பெயரை வழிப்போக்கர் தங்கிய சத்திரத்தோடு மட்டும் பொருத்திப் பார்ப்பது போதாது. தெலுங்கிலும் கன்னடத்திலும் அதே ஒலியோடும், மராத்தியில் சாவ்டி என்றும் வழங்கும் இச்சொல்லை, நான்கைக் குறிக்கும் ‘சதுர்’ என்னும் வடசொல்லோடு இயைத்து, நான்கு வழிகள் கூடுமிடம் என்று பொருள் உரைப்பாருமுளர். அதுவே தீர்ந்த முடிபென்று கொள்வதற்கில்லை. சொல்லின் பிறப்பு எவ்வாறாயினும், அது குறித்த பொருள் தெளிவானது. தூண்கள் தாங்கிய, சுவர் குறைந்த மண்டபம். இரவில் யாத்திரிகன் தலைசாய்த்த அதே தளத்தில் பொழுது விடிந்ததும் கணக்குப்பிள்ளை சுவடிக்கட்டை அவிழ்க்க, தீர்வை செலுத்த வந்தவனும் வரப்புத் தகராற்றோடு வந்தவனும் அருகருகே காத்திருப்பர்.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் இவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. சென்னப்பட்டினத்துச் சாவடியில் முன்பு ‘அதிகாரி’ எனப்பட்ட உள்ளூர்த் தலைவர் வழக்குத் தீர்த்துவந்தார்; 1678-ல் கவர்னர் ஸ்டிரெயின்ஷாம் மாஸ்டர் அங்கே கும்பினி உத்தியோகஸ்தர் மூவரை அமர்த்தி, 50 வராகன் வரையிலான வழக்குகளை அவர்களிடம் ஒப்புவித்தார். சரக்கும் கணக்கும் பார்க்கக் கப்பலேறி வந்தவர்கள் நியாயாதிபதிகளாயினர்! 1690-ல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்குப் பெற்றபோதோ, பீரங்கிக் குண்டு சென்று விழுந்த தூரமே எல்லையாயிற்று. அவ்வெல்லைக்குட்பட்ட ஊர்கள் ‘குண்டு கிராமங்கள்’ எனப்பட்டன.

மண்டபம் பல தொழிலுக்கு ஒன்றாக நின்றதுபோலவே, புதிய குடியேற்றங்களில் மனிதரும் நின்றனர். எடின்பரோவில் வைத்தியம் பயின்று, 1803-ல் கும்பினியின் உதவி வைத்தியராகச் சேர்ந்த ஜான் கிராபர்டு, 1823-ல் சிங்கப்பூரின் ரெசிடெண்டு ஆனார். நாடி பார்த்த கை அங்கே தீர்ப்பு எழுதியது. சூதாட்ட விடுதிகளைக் குத்தகைக்கு விட்டு வருவாய் சேர்த்ததும் அதே கைதான் என்பதை நியாய சாஸ்திரிகள் எங்ஙனம் ஜீரணிப்பரோ, அறியேன். அவருக்கு முன்னும் பின்னுமாகக் கடலூர், நாகப்பட்டினப் பகுதிகளிலிருந்து அத்தீவில் குடியேறிய நம்மவர் 1827-ல் மாரியம்மனுக்குக் கோயில் எடுத்தனர். அவர்கள்மீது செல்லுபடியான ரெசிடெண்டின் தீர்ப்பு ஆங்கிலேயர்மீது செல்லாது. ஆங்கிலேயர் குற்றஞ்செய்தால் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றலாம், அவ்வளவே. 1826-ஆம் ஆண்டு ராஜ சாசனம் இக்குறையை நீக்கி முறையான நீதிமன்றத்துக்கு வழிசெய்தபோது, வைத்தியர் அங்கில்லை. கும்பினியின் தூதராகப் பர்மாவின் ஆவா நகருக்குப் புறப்பட்டுவிட்டார்.