இயக்கியவர் யார்?

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் இந்நாளில் பலருக்கு நினைவில் எழுவன, ஒரகடம் வரை நீண்டு கிடக்கும் தொழிற்சாலைகளும், முறை மாறும் வேளையில் சாலையை அடைத்துச் செல்லும் கம்பெனிப் பேருந்துகளுமே. என் நினைவில் எழுவதோ கீற்று வேய்ந்த ஒரு டூரிங் கொட்டகை. பத்து வயதுச் சிறுவனாக அங்கே மணலைக் குவித்து, அதன்மேல் அமர்ந்து 'மர்மயோகி'யைக் கண்டேன். 1951-ஆம் ஆண்டு ஜூபிடர் நிறுவனம் வெளியிட்ட அப்படம் அப்போதே பழம்படம். மாண்டதாக எண்ணப்பட்ட மன்னர் ஆவியுருவில் தோன்றியதும் பாட்டியின் முந்தானைக்குள் புகுந்துகொண்டேன். அந்த ஆவியின் பொருட்டே, தமிழ்ப் படங்களுள் முதன்முதலாக 'வயது வந்தோர்க்கு மட்டும்' என்ற சான்று அதற்கு வழங்கப்பட்டது. மன்னர் உயிரோடுதான் இருக்கிறார், பேய் என்பது வேடமே என்பது கதையில் பின்னர்த் தெரியவரும். தணிக்கையாளரும் என்னைப்போல் அஞ்சிவிட்டனர் போலும்! கொட்டகைக்காரர் அச்சான்றைப் பொருட்படுத்தியதாக நினைவில்லை.

அதே 1951-இல் அமெரிக்காவிலும் ஓர் அச்சப் படம் வெளிவந்தது. 'தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்டு' என்பது அதன் பெயர். வடதுருவப் பனியில் புதைந்து கிடந்த வேற்றுலக உயிர் ஒன்று, அங்கிருந்த முகாமினரை வேட்டையாடுவது கதை. தயாரித்தவர் புகழ்பெற்ற ஹோவர்டு ஹாக்ஸ். இயக்கியவராகத் திரையில் காணும் பெயர் கிறிஸ்டியன் நைபி. நைபி அதுவரை ஹாக்ஸின் படங்களைத் தொகுத்துக் கொடுத்தவர். 'ரெட் ரிவர்' அவர் தொகுத்ததே. படம் வெளியானது முதல் ஒரு வினா ஓயவில்லை: உண்மையில் இயக்கியவர் யார்? ஒருவர் பேசி முடிக்குமுன் மற்றவர் குறுக்கிட்டுப் பேசுவது ஹாக்ஸுக்கே உரிய பாணி. அது இப்படத்தில் தொடக்கம் முதல் இறுதி வரை உண்டு. நடித்தவர்களின் சாட்சியமோ ஒன்றுபடவில்லை. ஏறக்குறைய எல்லாக் காட்சிகளையும் ஹாக்ஸே இயக்கினார் என்றார் கதாநாயகனாக நடித்த கென்னத் டோபி. நைபியே இயக்கினார் என்றவர்களும் உண்டு. ஹாக்ஸ் தாம் இயக்கவில்லை என்றே சொல்லிவந்தார். ஆனால் கணக்கேடு வேறு கதை சொல்கிறது. இயக்குநருக்கென ஒதுக்கப்பட்ட 50,000 டாலரில் நைபி பெற்றது 5,460 டாலர், எஞ்சியது ஹாக்ஸுக்கு.

வரலாறு கற்பித்தவன் என்ற முறையில், நாற்பது ஆண்டு கழிந்த நினைவைவிடக் கணக்கேட்டையே நான் மிகுதியாக நம்புவேன். எனினும் அது கூலியைத்தான் காட்டும். படப்பிடிப்புத் தளத்தில் யார் குரல் ஒலித்தது என்பதைக் காட்டாது. முதுமையில் நைபி அளித்த மறுமொழியே என்னை நெடுநாள் ஆட்கொண்டது. இவ்வினாவே அறிவற்றது என்று சினந்தார் அவர். யாரைப் பின்பற்றிக் கற்றேனோ அவரது பாணி என்னிடம் இராமல் வேறு யார் பாணி இருக்கும் என்றார். அம்மட்டில் நிறுத்தினாரா? பெரும் ஓவியரிடம் பயிலும் மாணவன் ஆசானின் கையிலிருந்து தூரிகையைப் பறிக்கமாட்டான் என்றும் சேர்த்துக்கொண்டார். அப்படியாயின் தூரிகை யார் கையில் இருந்தது?

நம் நாட்டிலும் இத்தகைய வழக்கு உண்டு. மர்மயோகியை இயக்கிய கே. ராம்நாத், அதற்குமுன் சென்னையில் ஜெமினி நிலையத்தில் பணிபுரிந்தவர். அங்கே 'சந்திரலேகா'வுக்கு முதலில் ஒளிப்பதிவு செய்தவர் அவரே. 1947 ஆகஸ்டில் அவர் நிலையத்தை விட்டு விலக, கமல் கோஷ் அப்பணியை ஏற்றார். இயக்கத்திலும் அப்படியே நிகழ்ந்தது. ஆச்சார்யா எனப் பெயர் பெற்ற டி. ஜி. ராகவாச்சாரி பாதிக்கு மேல் இயக்கிய பின், முதலாளி எஸ். எஸ். வாசனுடன் கருத்து வேறுபட்டு விலகினார். எஞ்சியதை வாசனே இயக்கி முடித்தார். 1948 ஏப்ரலில் படம் வெளிவந்தபோது இயக்குநர் என்ற இடத்தில் நின்றது வாசன் பெயர் ஒன்றே.

வாசனைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அத்துணைப் பெரும்பொருளை இட்டு, ஐந்தாண்டுக் காலம் பொறுத்து, முரசு நடனத்தைக் கண்டு நாடே வாய்பிளக்கச் செய்தவர் அவர். ஆயினும் பாதிக்கு மேல் உழைத்தவர் பெயர் முற்றிலும் மறைவது முறையன்று. வேறு வழி இல்லாமலும் இல்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-இல் 'மந்திரி குமாரி'யை எடுத்தபோது, எல்லிஸ் ஆர். டங்கன் இடையில் தாயகம் திரும்ப, முதலாளி டி. ஆர். சுந்தரம் முடித்துவைத்தார். அங்கே இருவர் பெயரும் இடம்பெற்றன.

இவ்வளவும் பேசும் நான் தூயவன் அல்லன். தலைமையாசிரியனாக இருந்தபோது எங்கள் பள்ளி ஆண்டு மலருக்கு, இவ்வட்டாரத்து ஏரிகளையும் கோயில்களையும் பற்றிய கட்டுரை ஒன்று எழுதினேன் என்று நெடுங்காலம் சொல்லி வந்திருக்கிறேன். உண்மையில் மதகு மதகாக நடந்து, கல்வெட்டுகளைப் படியெடுத்து, முதற்படி எழுதித் தந்தவர் ஓர் இளந்தமிழாசிரியர். நான் பாதியை வெட்டினேன், தொடக்கத்தை மாற்றினேன், வரிசையைத் திருத்தினேன். அச்சில் என் பெயர் மட்டும் வந்தது. யாரேனும் அதுபற்றிக் கேட்டால், "எல்லாம் ஐயா சொல்லிக் கொடுத்ததுதானே" என்பார் அவர். அதனை அப்படியே உண்மையென ஏற்று மகிழ்ந்திருந்தேன். நைபியின் மறுமொழியைப் படித்த இரவில்தான் அச்சொற்கள் வேறுவிதமாகக் காதில் விழுந்தன.

மறுவாரம் அவரைக் காணச் சென்றேன். இப்பொழுது அவரும் ஒரு பள்ளியில் தலைமையாசிரியர். மலரை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். அதன் பக்க ஓரங்களில், நான் வெட்டியெறிந்த பகுதிகளையெல்லாம் அவர் கையால் மறுபடி எழுதிச் சேர்த்திருந்தார். இரண்டு இடங்களில் என் திருத்தம் பிழையானது. செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றிய குறிப்பு ஒன்று, ஆண்டுக் கணக்கு ஒன்று. பிழைகளும் என் பெயரிலேயே இருப்பதால் தமக்கு வருத்தமில்லை என்று சிரித்தார். காப்பி வந்தது, குடித்தோம்.