பன்யனும் ஆக்கினைத்தீர்ப்பினின்று விடுதலையும்

பன்யன், ஜான் (1628–1688): ஆங்கில நாட்டுக் கிறிஸ்தவப் போதகர், 'மோட்சப் பிரயாணம்' என்னும் உருவகக் கதையின் ஆசிரியர். பெட்போர்டு நகரையடுத்த எல்ஸ்டோ கிராமத்தில், உலோகப் பாத்திரங்களைப் பழுது பார்த்துப் பிழைத்த எளிய குடும்பத்தில் பிறந்து, தாமும் அத்தொழிலையே மேற்கொண்ட இவர், இடைவிடாது தன்னையே குற்றஞ்சாட்டி நைந்த ஓர் ஆத்துமா விசுவாசத்தினால் இளைப்பாறுதல் கண்ட வகையைச் சொந்த அனுபவமாக எழுதிவைத்தமையால், பக்தி இலக்கியத்தில் தனியிடம் பெறுகிறார். பாவிக்குப் பெருகிய கிருபையைப் பற்றிய அச்சுயசரிதம் அவர் சிறையிலிருந்த 1666-ல் வெளிவந்தது.

வாலிபத்தில் அவர் செய்த குற்றங்களாக அந்நூல் கூறுவன சாபச் சொற்களும், நடனமும், ஞாயிறன்று ஆடிய விளையாட்டும், ஆலய மணியடிப்பதில் கொண்ட மோகமும் போன்றவை. மணியடிப்பதை விட்ட பின்னும் வேடிக்கை பார்க்கச் சென்றவர், மணி தம்மீது விழுந்துவிடுமோவென்று அஞ்சி வாயிலில் ஒதுங்கினார்; பிறகு கோபுரமே சாய்ந்துவிடுமோவென்று அஞ்சி ஓடினார். அயலார் மெச்சும்படி நடை திருந்தியும் அச்சம் தணியவில்லை. பெட்போர்டுத் தெருவொன்றில் ஏழைப் பெண்கள் சிலர் வெயிலில் அமர்ந்து, புதிய பிறப்பைப் பற்றி ஆனந்தத்துடன் உரையாடியதைக் கேட்டபோதுதான், தம் ஒழுக்கம் தமக்குத் தராத ஏதோவொன்றை அவர்கள் பெற்றிருப்பதை உணர்ந்தார். பின்னர், கலாத்தியர் நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய விரிவுரையின் பழம் பிரதியொன்று கைக்குக் கிடைக்க, தம் நெஞ்சத்தையே பார்த்து எழுதியதுபோல் அதைக் கண்டு, வேதத்துக்கு அடுத்தபடியாக அதையே போற்றினார்.

ஆயினும் அந்த ஆறுதலுக்குப் பின்னரே கொடிய சோதனை வந்தது. கிறிஸ்துவை விற்றுவிடு என்னும் எண்ணம் இரவும் பகலும் அவரைத் துரத்த, ஒரு காலையில் படுக்கையிலிருந்தபடியே களைத்து அதற்கு மனத்தளவில் இணங்கிவிட்டதாக எண்ணினார். உலகத்தார் குற்றமென்றே கருதமாட்டாத அக்கணநேரத் தளர்ச்சியை அவர் தாவீதின் பாவத்தோடும், பேதுருவின் மறுதலிப்போடும், யூதாசின் துரோகத்தோடும் நிறுத்துப் பார்த்து, சேஷ்டபுத்திர பாகத்தை விற்ற ஏசாவைப் போலத் தமக்கும் மனந்திரும்ப இடமில்லையென்று இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக வருந்தினார். மெய்யான மனஸ்தாபம் பாவியைக் கடவுளிடம் அனுப்புவது. இந்த வருத்தமோ அவரைத் தம்மிடமே திருப்பித் திருப்பி அழைத்துவந்தது. அதன் கொடுமை இதிலேயே அடங்கியிருந்தது.

விடுதலை வயல்வெளியில் நடந்துகொண்டிருந்தபோது வந்தது. தம்முடைய நீதி தம் உள்ளத்திலன்று, பரலோகத்தில் பிதாவின் வலப்பக்கத்திலிருக்கும் கிறிஸ்துவே அந்நீதி என்னும் எண்ணம் அவருள் எழுந்தது. தம் மனநிலை நன்றாயிருக்கும்போது அந்நீதி மிகுவதுமில்லை, கெட்டிருக்கும்போது குறைவதுமில்லை என்று கண்டார். ரோமருக்கும் கலாத்தியருக்கும் பவுல் எழுதிய நிருபங்களில் விளங்கும் நீதிமானாக்கப்படுதல் என்னும் உபதேசம், ஏட்டளவில் நில்லாமல், நொந்த மனிதன் ஒருவனைத் தாங்கி நிறுத்திய இடம் இது. தான் நல்லவன் என்று தேறுவதால் வரும் சமாதானமாயிருந்தால், அடுத்த தவறோடு அது கலைந்து போயிருக்கும்.

அதன்பின் சோதனைகள் அறவே ஒழிந்தனவென்று அவர் எழுதவில்லை. அநுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காக 1660 நவம்பரில் பிடிபட்டு, பிரசங்கத்தைக் கைவிடுவதாக வாக்களித்தால் விடுதலை பெறலாமென்றிருந்தும் இணங்காமல் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்தார். 1678-ல் வெளிவந்த 'மோட்சப் பிரயாணத்'தில், யாத்திரிகனின் முதுகுச் சுமை அவன் முயற்சியாலன்றிச் சிலுவையின் முன் தானே அவிழ்ந்து விழுகிறது. எனினும் அதற்கு நெடுந்தூரம் அப்பால் அவன் அவநம்பிக்கை என்னும் அரக்கனின் கோட்டையில் அடைபட்டு, வாக்குத்தத்தமெனும் திறவுகோலால் தப்புகிறான். இக்கதையைத் தழுவியே திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த எச். ஏ. கிருஷ்ணப்பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் தமிழ்க் காவியத்தை இயற்றி 1894-ல் வெளியிட்டார்.